சிகாகோவிலிருந்து கிளம்பிய நைனாவுக்கு

என் உயிரான நைனா,

வேலை பார்த்த காலமெல்லாம் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் பஸ் ஓட்டிய நீ, சிகாகோ வர டிக்கெட் போட்டதும் முதலில் கேட்டது, "எத்தினி கிலோமீட்டர்மா?" என்றுதான். தோஹாவில் விமானம் மாறணும், மொத்தம் பதினைந்தாயிரத்துக்குப் பக்கம் என்றேன். "அம்மாம் தூரமும் ஒரே டிரைவரா ஓட்டுவான்?" என்று பயந்தாய்.

வந்து பேத்தியோடு இரண்டு மாதம் இருந்தாய். ஆடிக் கிருத்திகை நெருங்கியதும் உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஊரே காவடி எடுத்துகினு வரும். உங்கம்மா முட்டி வலியோட தனியா இன்னா பண்ணுவா?" என்றாய். விமான நிலையத்தில் நீ ரொம்ப தூரம் நடக்க வேண்டாமென்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அனுப்பினேன். கையாட்டிக்கொண்டே போனாய்.

அன்று முழுக்கப் போனில் உன் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் அது கடல் தாண்டியது. தோஹாவில் இறங்கியதும் அம்மாவைக் கூப்பிட்டு, "நைனா முக்கால்வாசி வந்துட்டாரும்மா" என்றேன். அடுத்த போன் தோஹாவிலிருந்து வந்தது. இறங்குவதற்கு வெகு முன்பே உன் உயிர் போய்விட்டது என்றார்கள். நீ தூங்குவதாகப் பக்கத்து சீட்டுக்காரர் நினைத்தாராம். எந்த ஊருக்கு மேலே நைனா? வலித்ததா? என்னைக் கூப்பிட்டாயா?

நீ ஒரு ஊரில், அம்மா ஒரு ஊரில். யாரிடம் முதலில் போவது? அம்மாவிடமே கேட்டேன். அவள் அழவில்லை. "இங்க எனக்கு அக்கம்பக்கத்துல ஆளுங்க கீறாங்க. அவருக்கு அங்க யாரு கீறா? நீ அவராண்ட போ" என்றாள்.

குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, நீ போன வழியிலேயே போனேன். சவக்கிடங்கில் உன்னைக் காட்டினார்கள். ஸ்வெட்டர் பொத்தான்களை யாரோ ஒழுங்காகப் போட்டுவிட்டிருந்தார்கள். பிறகு சென்னைக்கு ஒரே விமானத்தில் வந்தோம். நான் மேலே சீட்டில், நீ கீழே சரக்கோடு. சாப்பாடு கொடுத்தார்கள். பசித்தது, சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

நீ வீடு வந்தபோது கிருத்திகை முடிந்து, தெருவெல்லாம் பூ வாடிக் கிடந்தது.

காரியமெல்லாம் ஆயிற்று. அம்மாவை என்னோடு வரச் சொன்னேன். "அவர கொண்டுபோன வழியில நான் வரமாட்டேன்" என்கிறாள். அங்கே குழந்தை என்னைத் தேடி அழுகிறது. நாளை கிளம்புகிறேன்.

இன்று காலை அம்மா கேட்டாள்: "எனக்கு எதுனா ஆச்சின்னா வந்துடுவல்ல?" அவளுக்கு நான் ஒருத்திதான். ஆனாலும் நேரத்துக்கு என்னால் வந்து சேர முடியாது; அது அவளுக்கும் தெரியும். பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

தினமும் அவள் முகத்தைப் போனில் பார்ப்பேன், நைனா. வந்துவிடுவேன் என்று மட்டும் அவளிடம் பொய் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் ஒரே மகள்,
தேவி