சவர நுரைக்கு ஒரு கிண்ணம் தேடிய கதை

அன்புள்ள பூஜிதா கண்ணுக்கு,

உன் அப்பன் எழுதுகிறேன். நீ அங்கே ஆக்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா முழு நலம், நான் பாதி நலம். பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அம்மணி, இந்தக் கடிதத்தை எழுதும்போது உன் அப்பனுக்கு வலது கன்னம் மழமழவென்று இருக்கிறது, இடது கன்னத்தில் நாலு நாள் தாடி அப்படியே நிற்கிறது. காலையிலிருந்து இப்படித்தான். பால்காரர் பார்த்துவிட்டார், எதிர்வீட்டு மேக்னா பார்த்துவிட்டு ஏனுங்க அங்கிள் இதான் இப்பத்த ஃபேஷனுங்களா என்று கேட்டுவிட்டாள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் போடுவாள். அதனால் கடிதம்.

எல்லாம் நீ அனுப்பிய பிறந்தநாள் பார்சலில் ஆரம்பித்தது. பார்சலைப் பிரித்தோம், நான் பிரஷ்ஷையும் அந்த வட்டமான சவரச் சோப்பையும் எடுத்துக்கொண்டேன், உன் அம்மா அவள் பங்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பிரஷ் என்றால் அப்படி ஒரு பிரஷ், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி இருந்தது. நீ செலவு செய்து அனுப்பியதற்கு மரியாதை வேண்டும் என்று பழைய கிரீம் டியூபை அன்றைக்கே குப்பையில் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேன், அது பிறகுதான் தெரிந்தது. சோப்பைக் குழைத்து நுரை எடுக்க ஒரு பாத்திரம் வேண்டுமே. எந்தப் பாத்திரம்? இத்தனை வருஷம் பம்ப்செட் உதிரி பாகம் விற்று, எந்த மோட்டாருக்கு எந்த வாஷர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன், ஒரு நுரைக்குக் கிண்ணம் தெரியாமல் வீட்டுக்குள் அலைந்தேன். முதலில் காபி டம்ளரைத் தொட்டேன். வாயில வெச்சுக் குடிக்கறதுல மீசை மயிரா, இனி நீங்க தோட்டத்து ஹோஸ்லயே காபி குடிச்சுக்குங்க என்றாள் உன் அம்மா. சரியென்று குளிக்கிற பிளாஸ்டிக் மக்கில் குழைத்தேன், அடி ஆழமாக இருந்ததால் பிரஷ் பிடித்த கை முழங்கை வரைக்கும் நுரை ஆனதே தவிர முகத்துக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. தேங்காய்த் தொட்டி எடுத்தேன், அது உருண்டு போய்ச் செருப்பில் கவிழ்ந்தது. சாயங்காலம் வாக்கிங்கில் நம் அப்துல் வஹீது பாயிடம் கேட்டேன். அவர் முகத்தில் பிளேடு பட்டுப் பல வருஷம் இருக்கும், தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கிறது, ஆனாலும் மனிதர் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார். வாய் அகலமா இருக்கோணும், அடி கனமா இருக்கோணும், பீங்கானா இருந்தா இன்னும் விசேஷமுங்க என்று உக்கடத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் எதுக்குங்க கிண்ணம் என்று கேட்டார். பெண்கள் நாலு பேர் நிற்கிற கடையில் சவரத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை கண்ணு, பாயசத்துக்குங்க என்று சொல்லிவிட்டேன். அவரும் ரோஜாப்பூ போட்ட ஜோடிக் கிண்ணமாகப் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, இத்தன வருசத்துல இன்னிக்கித்தான் உங்களுக்கு ஒரு பொருள் பார்த்து வாங்கத் தெரிஞ்சிருக்குது என்று சொல்லி ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் என்னைப் பாராட்டியதே அபூர்வம், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. தாடியோடு இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் பொள்ளாச்சியிலிருந்து உன் பெரிய மாமன் தனபால் வருவதாகப் போன் வந்தது. உனக்கே தெரியும், தன் மகன் யஷ்வந்த் கல்யாணத்துக்கு அவர் பத்திரிகையை உன் அம்மாவுக்குப் போனில் அனுப்பிவைத்தார். கூடப் பிறந்தவளுக்கு நேரில் வந்து தட்டில் வைத்துக் குங்குமம் கொடுத்து அழைக்காமல், பட்டனை அமுக்கி அழைத்துவிட்டார் என்று உன் அம்மா கல்யாணத்துக்கே போகவில்லை. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நல்ல நாளில் அவருடைய நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே போனைக் கவிழ்த்து வைப்பாள், நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன். இப்போது யஷ்வந்த் குழந்தைக்கு வருகிற ஆவணி வெள்ளியில் காது குத்து, அதற்கு அவரே தட்டோடு நேரில் வருகிறார் என்றதும் உன் அம்மா பித்தளைக் குத்துவிளக்கைக் கூடத் தேய்த்துப் போட்டாள். வெளியே மட்டும், வந்தா வரட்டும் நாம என்ன கதவச் சாத்தியா வெச்சிருக்கறம் என்று பேச்சு. என்னிடம் ஒரே ஒரு உத்தரவு, அண்ணன் வர்றப்ப மூஞ்சிய மூஞ்சி மாதிரி வெச்சிருங்க, இந்தத் தடவை ஏதாச்சும் ஏறுக்குமாறாச் செஞ்சு அவரு கோவிச்சுட்டுப் போனாருன்னா இனி இந்த ஜென்மத்துல வரமாட்டாரு என்றாள். அதனால் நான் இன்று காலையில் எப்படியும் மழித்தே தீருவது என்று இருந்தேன்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். உன் அம்மா அடுப்படியில் நிற்கிற நேரம் பார்த்து ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு ஏறினேன். பரணில் ஒரு சாக்கு, அதற்குள் நியூஸ்பேப்பர் சுற்றிய பாத்திரம். யாருக்கும் வேண்டாமல்தானே மேலே கிடக்கிறது என்று நினைத்தேன். கையை விட்டால் முதல் கையிலேயே அகல வாய், கனத்த அடி, பாய் சொன்ன இலக்கணம் அத்தனையும் உள்ள ஒரு எவர்சில்வர் கிண்ணம். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன், வெளிப்பக்கம் விரலுக்கு என்னவோ சொரசொரவென்று பட்டது, சரி கம்பெனி பேராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஹாலில் வாஷ்பேசினுக்கு வந்து சோப்பை உள்ளே போட்டு நாலு சுற்றுச் சுற்றினேன் பார், புளித்த இட்லி மாவு விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வருமே, அப்படிப் பொங்கி வெளியே வழிந்தது. வலது கன்னம் முடிந்து இடது கன்னத்தில் நுரை பூசி நிமிர்கிறேன், கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் உன் மாமன் நிற்கிறார், கையில் தட்டு. சீக்கிரமே பஸ் கிடைத்துவிட்டதாம்.

வாங்க மச்சான் என்றேன், வாய்க்குள் நுரை போய்விட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்த எழுத்துக்குள் நுரை போய் உட்கார்ந்து, சுவரில் சுண்ணாம்பில் எழுதின மாதிரி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. எட்டி நின்றே படிக்கலாம். அவர் படித்தார், சத்தமாகவே படித்தார். செல்வி பூஜிதாவுக்குத் தாய்மாமன் சீர், தனபால், பொள்ளாச்சி. ஆமாம் கண்ணு, நீ பெரியவளானபோது அவர் தட்டு வரிசையில் கொண்டுவந்து வைத்த பாத்திரம், உன் கல்யாணத்துக்கென்று உன் அம்மா பொத்திப் பொத்தி வைத்தது. அதற்குள் என் மீசை மயிர் மிதக்கிறது. சத்தம் கேட்டு உன் அம்மா கரண்டியோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று, தினமும் காலைல உங்க பேர்லதானுங்க மச்சான் கண்ணு முழிக்கறேன் என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் கொண்டாந்த சீருக்கு இந்த ஊட்டுல இதுதான் மரியாதைங்களா மாப்ள என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் விளங்கவில்லை. என்னைக் கரண்டியால் சாத்தப் போகிறாள் என்று நான் ஒதுங்கினேன், அவள் நேராகப் போய் வாசற்படியை மறித்து நின்று அவரைப் பிடித்துக்கொண்டாள். மரியாதையப் பத்தி நீ பேசறயாண்ணா, பொறந்தவளுக்குப் போன்ல பத்திரிகை அனுப்பிச்சயே அது என்ன மரியாதை, அந்த மனுசனாச்சும் கண்ணு தெரியாம எடுத்துப்போட்டாரு, நீ கண்ணு தெரிஞ்சே செஞ்ச, என்று ஆரம்பித்தாள் பார், அடக்கி வைத்திருந்தது அத்தனையும் கொட்டிவிட்டது. அவரும் விடவில்லை, நீ வருவயின்னு மேடையில உனக்குச் சேர் போட்டு வெச்சிருந்தேன், கடைசி வரைக்கும் காலியாவே கெடந்துது, அந்த போட்டோவப் பாத்துட்டு இன்னும் ஆல்பத்தத் தொறக்கல என்றார். நான் நடுவில் பாதி நுரையோடு நிற்கிறேன், நுரை காய்ந்து கன்னம் இழுக்கிறது, துடைக்கப் போனால் நீங்க கொஞ்சம் சும்மா நில்லுங்க என்று இரண்டு பேரும் ஒன்றாக அதட்டுகிறார்கள். கடைசியில் தப்புத்தான் அம்மணி என்று அவர் தட்டை நீட்டினார், அவள் குங்குமம் எடுத்துக்கொண்டாள், அழுதாள், உடனே சாப்பிட உட்கார வைத்தாள். நான் கிண்ணத்தை எடுத்திராவிட்டால் சண்டை வந்திருக்காது, சண்டை வந்திராவிட்டால் தட்டை வாங்கி வைத்து ஒரு காபியோடு மனத்தாங்கல் உள்ளேயே இருந்திருக்கும். அப்படியானால் நான் செய்தது நல்லதா கெட்டதா? உன் அம்மாவிடம் கேட்டேன், கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அண்ணனிடம் பேச்சு வந்துவிட்டது, என்னிடம் பேச்சு நின்றுவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் உன் மாமன் பிரஷ்ஷைப் புறங்கையில் தடவிப் பார்த்து, மெத்துனு இருக்குதே, புள்ள அனுப்பிச்சதுங்களா என்றார். அந்த நேரத்தில் நான் எதைத்தான் இல்லை என்று சொல்ல முடியும். பிரஷ், சோப்பு இரண்டும் அவர் பையில் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிட்டன. கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து மறுபடி பரணில் ஏற்றியாகிவிட்டது. டியூபோ அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. இடது கன்னத்தின் கதை இதுதான். நாளைக்கு சலூனுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை காது குத்துக்குப் போகிறோம், உன் அம்மா இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டாள்.

நீ பத்திரமாக இரு கண்ணு. ராத்திரி தலைக்குக் குளிக்காதே. மாமனுக்கு ஒரு போன் போட்டுப் பேசு, கிண்ணத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இரு. நீ நோயில்லாமல், மனக்குறையில்லாமல், எங்களைப் போல இல்லாமல் சமர்த்தாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பக்கம் மட்டும் அழகான உன் அப்பா,
பாலகோபால்

பி.கு.: இப்போதுதான் உன் அம்மா பின்னால் வந்து நின்று பேச ஆரம்பித்திருக்கிறாள், உனக்கு எழுதச் சொல்லித்தான். நீ அவளுக்கு அனுப்பிய மரக் கிண்ணத்தில் கடுகு போட்டு வைத்திருக்கிறாளாம். நல்ல கனமாம், அகல வாயாம். அடியில் மட்டும் எதற்கோ வரி வரியாக வெட்டியிருக்கிறார்களாம், அதில் கடுகு மாட்டிக்கொள்கிறதாம். தாளித்தால் லேசாகச் சோப்பு வாசம் வருகிறதாம். வராம என்ன செய்யும், பார்சல் பிரிக்கும்போது உங்க சோப்பு அளவெடுத்த மாதிரி அதுக்குள்ளதானே உக்காந்திருந்துது என்கிறாள்.