ருய்யைச் சிரிக்க வைக்காதே

அன்புள்ள தம்பி கோஹெய்க்கு,

அக்கா மிசுஹோ எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். கூரைப் பனியைத் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தது விழுந்துவிடுகிறது. கீழ்த்தள ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று, வசந்தம் வரும்வரை எங்களுக்குப் பகலிலும் விளக்குதான். நீ இருக்கும் டோக்கியோவில் வெயிலடிப்பதைச் செய்தியில் காட்டும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மறைப்பானேன்.

மாமனாரின் மாத்திரைக்காக மருந்துக்கடையில் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். வீட்டில் பேனாவை எடுத்தால் யாருக்கு, என்ன விஷயம் என்று கேள்வி வரும். போனில் நீ உன் தொடரைப் பற்றிக் கேட்டபோது "நல்லாயிருக்குடா" என்று மட்டும் சொன்னதற்கும் அதுதான் காரணம், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "மழுப்பாம நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுக்கா. அடுத்த வாரம் கடைசிப் பாகத்துக்குக் குரல் பதிவு, அப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது" என்றாயே, இப்போது சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அனிமேப் படங்களுக்குப் பின்னணி ஓவியம் தீட்டவில்லை. ஆனால் கண் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் நல்லது. 'வடவாசல்' மற்ற மாயாஜால அனிமேக்களைப் போல விதிமுறைகளை விளக்கி உயிரை வாங்கவில்லை. ருய் என்ற பெண் வாசல் கோபுரத்துக்குள் இருக்கும்வரை பனிமூட்டத்து மிருகங்கள் ஊருக்குள் வராது, அவ்வளவுதான். ஈரக் கல்லின் நிறத்தை யார் தீட்டியது? அவருக்கு என் பாராட்டைச் சொல். எல்லாவற்றையும்விட, உன் கதையில் ஊரார் ஒருவரும் கெட்டவரில்லை. தினமும் சூடான சூப்பை வாசலில் வைத்து, குனிந்து வணங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். பூட்டுப் போடாமல் நன்றி சொல்லியே ஒருத்தியை அடைத்து வைக்கிறார்கள். அதைப் பார்த்தபோது உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். ஐந்தாம் பாகம் முழுக்கப் பழைய காட்சிகளை ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குப் புரிகிறது, பார்க்கிறவனுக்கு ஏன் புரிய வேண்டும்? அந்த மந்திரவாதி இளவரசன் வாயைத் திறந்தால் ரயில் நிலைய அறிவிப்பு கேட்கிறது. பறக்கும் குதிரைச் சண்டை வரும்போது மாமா குறட்டையே விட்டுவிட்டார். பக்கவாதம் வந்தபின் அவருக்குத் தூக்கம் பிடிப்பதே அபூர்வம், அதனால் அதை நல்லதில் சேர்த்தாலும் சேர்க்கலாம்.

ஏழாம் பாகத்தில் ஒரு தவறு நடந்திருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ருய் வாசலைப் பார்த்து நிற்கும் படத்தை இடவலமாகத் திருப்பி இரண்டாம் தடவையும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆளில்லாதபோது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதில் அவள் அங்கியின் வலப்பக்கம் மேலே வந்துவிட்டது. அத்தை பதறிப்போய், "அய்யய்யோ, சவத்துக்குக் கட்டுற மாதிரில்ல கட்டி விட்டிருக்கான் உன் தம்பி!" என்றார். நான் அதைத் தவறென்றே நினைக்கவில்லை. உயிரோடு இருப்பவளுக்குத் தெரிந்தேதான் பிணத்தின் உடையை உடுத்தியிருக்கிறாய் என்று நினைத்து, குளியலறைக்குப் போய் அழுதேன். மறுநாள் நீ போன் செய்து, "மானம் போச்சுக்கா, குறுந்தகட்டுல திருத்திடறோம்" என்றாய். திருத்தாதேடா என்று சொல்ல வந்தேன், சொல்ல முடியவில்லை.

கடைசிப் பாகத்தின் வரைவையும் படித்தேன். அவளுக்குப் பதிலாக வாசலைக் காக்க ஒரு மந்திரக்கல் கிடைக்கிறது. வா போகலாம் என்று இளவரசன் கூப்பிடுகிறான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, ஊருக்காக அங்கேயே இருந்துகொண்டு சிரிக்கிறாள். "அந்தச் சிரிப்பு உன் சிரிப்புக்கா. ருய்யே நீதான்" என்று பெருமையாக எழுதியிருந்தாய்.

அந்தச் சிரிப்பைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் மாமாவுக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. அத்தை, "வீட்டுல மிசுஹோ இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்றார். நாகோயாவில் வேலை பார்க்கும் உன் அத்தான் இசாவோ அதற்கென்றே ஊருக்கு வந்திருந்தார். திரும்பவும் வேலைக்குப் போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவரோ பாயில் கையூன்றித் தலை தாழ்த்தி, "நீ இங்க இருக்கறதாலதான் நான் அங்க நிம்மதியா இருக்கேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதும் நான் சிரித்தேன், கோஹெய். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு மூச்சு முட்டுகிறது.

தயவுசெய்து ருய்யைச் சிரிக்க வைக்காதே. பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விடுவார்கள், அவள் உள்ளேயே இருப்பாள்.

"வெளிய வந்தா அவ எங்க போவா?" என்று உன் குழுவில் கேட்டார்கள் என்றாய். தொடரின் பெரிய குறையே அதுதான். பதினோரு பாகத்தில் அவளுக்கு உறவென்று ஒருவரைக்கூட நீ வைக்கவில்லை. ஒரு தம்பியை வை. அவன் வீரனாக இருக்க வேண்டாம், ஒற்றை அறையில் குடியிருப்பவனாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் பையோடு வந்து நிற்கும்போது, ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்காமல் கதவைத் திறந்தால் போதும்.

மருந்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இரு, தம்பி.

உன் அக்கா,
மிசுஹோ