குதிரைத் தொட்டியடியில் நிற்பவள்

லின்ஃபீல்ட், ஆக்லாந்து, நியூசிலாந்து
3 மார்ச் 2025

என் செல்ல மகள் வைஷாலிக்கு,

அம்மா எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் வாசி. நீ போன் நம்பரை மாற்றி நான்கு வருஷம். லண்டனில் இருக்கும் உன் பெரியப்பா மகன் சுலக்ஷன் அண்ணாவிடம் கெஞ்சித்தான் உன் விலாசம் வாங்கினேன்.

அப்பாவுக்கு மறதி நோய் என்று டொக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. போன மாதம் சாப்பாட்டுப் பெட்டியோடு மங்கரேக்கு, விமான நிலைய வேலைக்கென்று பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரே வேலை, கம்ப்யூட்டர் வரைபடத்தில் உன் ஊர்த் தெருப் படங்களைப் பார்ப்பது. கூரை போட்ட தேவாலய வாசலில் தொடங்குவார். நடுச்சந்தியில் உள்ள கற்சிலுவை, சுவரில் பதித்த சிவப்புத் தபால் பெட்டி, ஒன்றும் விடமாட்டார். கடைசியில், அந்தக் காலத்தில் குதிரைகள் தண்ணீர் குடித்த கல் தொட்டியடிக்கு வருவார். அங்கே நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண். அந்தப் படங்களில் எல்லார் முகத்தையும் போல அவள் முகத்தையும் மங்கலாக்கியிருக்கிறார்கள். நீதான் என்கிறார். "வைஷாலி மெலிஞ்சு போனாள்" என்று கவலைப்படுகிறார். உன் பேரையே வீட்டில் எடுக்கவிடாத மனுஷன்! தொட்டிக்குப் பக்கத்தில் தெருப்பக்கம் சரிந்து நிற்கும் ஒரு பழைய மரச்சட்ட வீட்டைக் காட்டி, "அதுக்குக் கீழால நடக்க வேண்டாமெண்டு பிள்ளைக்குச் சொல்லு" என்கிறார்.

நினைவு முழுக்கப் போவதற்குள் ஒரு தரம் வந்து போ, ராசாத்தி.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா

*

இங்கிலாந்து
29 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

கிழிக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன்.

அந்த நீலக் கோட்டுக்காரி நான் இல்லை. அந்தப் படம் 2019இல் எடுத்தது. நான் இந்த ஊருக்கு வந்ததே 2022இல்தான். யாரோ ஒருத்தியைப் பார்த்து அப்பா உருகிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் தோமஸைக் கலியாணம் செய்த அன்று, "எனக்குப் பிள்ளையே இல்லை" என்று போனில் சொன்னவர் அவர். அதை அவர் மறந்திருக்கலாம். எனக்கு மறதி நோய் இல்லை.

அந்த வீடு நானூறு வருஷமாகச் சரிந்தபடியேதான் நிற்கிறதாம். விழாது என்று சொல்லுங்கள்.

வைஷாலி

*

லின்ஃபீல்ட்
28 ஏப்ரல் 2025

என் மகளுக்கு,

அது நீ இல்லையென்று எனக்கு முதலே தெரியும். பெற்றவளுக்கு நீ நிற்கும் விதம் தெரியாதா? "இது எங்கட வைஷாலி" என்று விரல் வைத்துக் காட்டியதே நான்தான். அவர் வாயால் உன் பேர் வரவேண்டும் என்ற ஆசை. வந்ததும் சந்தோஷப்பட்டேன். பிறகு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அதற்கு நன்றாக அனுபவிக்கிறேன். போன வாரம் அந்தத் தெருவுக்குப் புதுப் படம் போட்டிருக்கிறார்கள். தொட்டி நிறையப் பூ இருக்கிறது, அவள் இல்லை. தேவாலய வாசல், சிலுவை, தபால் பெட்டி என்று திரும்பத் திரும்பத் தேடுகிறார். "எங்க போயிட்டாள்? அந்த வீடு விழுந்திட்டுதோ?" என்று குழந்தை மாதிரி அழுகிறார். நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. செருப்பும் இல்லாமல் வெளியே போய், சந்தி டெய்ரிக் கடைக்காரனிடம் நீலக் கோட்டுப் போட்ட பிள்ளையைக் கண்டாயா என்று கேட்டிருக்கிறார்.

உன்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு நீலக் கோட்டைப் போட்டு, அந்தத் தொட்டியடியில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அம்மா

*

இங்கிலாந்து
20 மே 2025

அன்புள்ள அம்மா,

காலில் விழுகிற கதையெல்லாம் எழுதாதேயுங்கோ.

நின்றேன். பழைய உடுப்புக் கடையில் கோட்டு வாங்கினேன். தோமஸ்தான் படம் எடுத்தார். மழைத் தூறல். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஆனால் அந்தக் கல்லில் கை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. தினமும் அப்பா இங்கே வந்து போயிருக்கிறார், நான் இந்தத் தொட்டியை ஒரு நாள் கூட நின்று பார்த்ததில்லை. என் முகம் அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தொப்பியைக் கழற்றினேன்.

பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள். என் பேரைச் சொன்னால் வருகிறேன். சத்தியமாக வருகிறேன்.

உங்கள் வைஷாலி

*

லின்ஃபீல்ட்
12 ஜூன் 2025

என் கண்ணுக்கு,

படம் வந்தது. என்ன வடிவாய் இருக்கிறாய்! அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். தொட்டியைத் தடவினார். சரிந்த வீடு விழவில்லை என்று சந்தோஷப்பட்டார். பிறகு உன் முகத்தில் விரலை வைத்தார்.

"இது ஆர்? இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் விலகி நிக்கச் சொல்லு. என்ர மகளை மறைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

உன் பேரைச் சொன்னார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ வந்துவிடுவாய். ஆனால் ஒரு பொய் சொல்லி நான் பட்டது போதும். முகமில்லாத ஒருத்தியை மகள் என்று அவர் கையில் கொடுத்தேன். அவளைத்தான் இப்போதும் தேடுகிறார். என்னை மன்னித்துவிடு.

உன் முகத்தைத்தான் மாற்றிக் கொடுத்தேன், உன் குரலுக்கு மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை. அது அவருக்குள் இன்னும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. வீட்டு போன் பழைய நம்பர்தான். அடித்தால் அவர்தான் எடுப்பார், என்னைப் போனைத் தொடவிடமாட்டார். "அப்பா" என்று மட்டும் சொல்லு. வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா