துடுப்புக்குள் ஒரு கை

செல்ல மகளுக்கு,

நேற்று நெற்றி நிறைய விபூதியோடு நெல்பேட்டை மீன்கடையில் நின்று மானம் போயிற்று. "சாமி, கொழம்புக்கா, பொரிக்கவா?" என்றார் கடைக்கார அக்கா.

"துடுப்புக்குள்ள எலும்பு பாக்கணும்மா."

கடையே சிரித்தது. வெட்டிக் காட்டினார். விசிறி மாதிரி வெறும் முள்தான். அப்போதுதான் பத்தாவதில் தவறிய என் மண்டைக்கு நீ அனுப்பிய படம் விளங்கியது. எப்போதோ அழிந்துபோன, நீ படிக்கிற அந்த மீனுக்குத் துடுப்புக்குள் தோளோரம் ஒரு எலும்பு, அடுத்து இரண்டு. அப்படியே நம் கை! அந்த மீன் நமக்குச் சொந்தக்காரன்தான்.

"யாருக்கு சாமி இம்புட்டு ஆராய்ச்சி?"

"எம் பொண்ணுக்கு" என்றேன். பாங்க் வேலையை உதறிவிட்டு மீன் படிக்கப் போகிறாயே என்ற கோபத்தில், நீ ரயிலேறிய அன்று இந்தக் கையைத் தூக்கி உனக்கு ஆட்டவில்லை என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

இப்படிக்கு,
அப்பா