முதலில் போகிற குரல்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து காற்று, மழை இல்லை. லேபுக்கு லீவு சொல்லிவிட்டு இவரோடு சேலம். காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நிறைய நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். அப்போதே தெரிந்துவிட்டது.

"ரெண்டு காதும் குறைஞ்சுட்டு வருதும்மா. உச்சத்துல இருக்கற மெல்லிசான சத்தம் முதல்ல போகும். கனமான சத்தம் இன்னும் கொஞ்ச காலம் நிக்கும்."

எவ்வளவு காலம் என்றேன். சொல்ல முடியாதாம். மெஷின் வைத்தாலும் பாட்டு பழைய மாதிரி இருக்காதாம்.

திரும்பி அரூரில் இறங்கியதும் இவர் போண்டா வாங்கிக் கொடுத்தார். அத்தைக்கு பிபி மாத்திரை வாங்க மறந்தாச்சு.

ஜூலை 9
அழவில்லை. முடிவு மட்டும் எடுத்தேன். அந்த இத்தாலி ஆபராவை, அந்தப் பாட்டு நாடகத்தை, முழுசாக மனப்பாடம் செய்வது, காது போவதற்குள். இரண்டு வருடம் முன்னால் காய்ச்சலில் படுத்திருந்தபோது போனில் தானாக ஓடியது. அன்றிலிருந்து விடவில்லை. ஒரு வார்த்தை புரியாது. அதனால் என்ன.

மூன்று ரெக்கார்டிங் இருக்கிறது. மனப்பாடத்துக்கு ஒன்றைத்தான் எடுக்க முடியும்.
ஸ்டுடியோ: எல்லோரும் புகழ்வது. படுசுத்தம். உள்ளே ஆளே இல்லாத வீடு மாதிரி.
கனத்த குரல்காரி: நன்றாகவே பாடுகிறாள். குறை சொல்ல முடியாது.
பழைய மேடை: ஆட்கள் முன்னால் பாடியதை அப்படியே பிடித்தது. கரகரப்பு, எவனோ இருமுகிறான். பாடுகிறவள் குரல் ஊசி. கடைசிப் பாட்டில் மேலே ஏறும்போது லேசாகப் பிசிறுகிறது. விடாமல் ஏறுகிறாள்.

ஜூலை 11
வெயில். சமைக்கும்போது ஸ்பீக்கரில் போட்டேன். அத்தை வந்து நின்றார்.

"யார் செத்துட்டாங்கன்னு வூட்ல இந்த ஒப்பாரி?"

"நம்ம கூத்து மாதிரிங்க அத்தை. வெள்ளைக்காரங்க பாட்டாவே நடத்தறது. கடைசியில ஒருத்தி சாவா. இன்னும் சாவல."

"காது போவுதுன்னு டாக்டரே சொல்லிட்டான். சாமி பாட்டக் கேளு, புண்ணியமாச்சும் கெடைக்கும்."

சத்தத்தைக் குறைக்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

ஜூலை 12
இவர் மூன்றையும் கேட்டிருக்கிறார், வயலில், என்னிடம் சொல்லாமல். மரவள்ளிக்குக் களை எடுத்துவிட்டு வந்து சொன்னார்:

"அந்தக் கனத்த கொரலையே எடுத்துக்க, சாந்தி. டாக்டர் சொன்னாரில்ல, அதுதான் ரொம்ப நாள் கேக்கும்."

நியாயமான பேச்சு. அதனாலேயே கோபம் வந்தது.

"ரொம்ப நாள் உழைக்கும்னு பாத்து வாங்க இது என்ன மோட்டாருங்களா? போறதைத்தான் நான் இப்பக் கேக்கணும்."

"நாளைக்கு அது கேக்கலைன்னா மனசு உட்டுடுவ."

"உட்டா உட்டுட்டுப் போறேன்."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். கொஞ்சம் பாவமாக இருந்தது. மாற்றிக்கொள்ளவில்லை. மற்ற இரண்டையும் போனிலிருந்து அழித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு
மேகமூட்டம். மாத்திரை வாங்கியாச்சு. துணி துவைக்கவில்லை, கிடக்கட்டும். ஸ்பீக்கரை வாசலில் வைத்துப் பழைய மேடையை முதலிலிருந்து போட்டேன். எதிர்வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள். சரி.

கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போது மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. கிணற்று மோட்டார் ஓடினால் வீட்டில் எதுவும் கேட்காது. இவர் எழுந்து ஸ்விட்சில் கை வைத்துவிட்டார்.

"தண்ணி அப்புறம் பாச்சலாங்க. இவ முடிக்கட்டும்."

கையை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஏற ஆரம்பித்தாள்.