மருமகள் பாடுவாள் என்றொரு நேர்த்தி

தாய் ஓ மீனவர் ஊர்,
3 மார்ச் 1986

அன்புள்ள ஆ-பிங்குக்கு,

கடல் காக்கும் தின் ஹௌ தாயார் கிருபையில் நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். புது வருஷத்துக்கு நீ அனுப்பிய ஆரஞ்சுப் பழம் வந்தது, நீ வரவில்லை. பழத்தைப் பார்த்து எத்தனை நேரம் பேசிக்கொண்டிருப்பது?

போன மாதம் டிவி நாடகத்தில் உன் போட்டோவை வெள்ளைப் பூவுக்கு நடுவில் வைத்து ஊதுபத்தி ஏற்றினார்களே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நடிப்புதான், தெரியும். செத்தவளாக நடித்ததற்குத் தோஷம் கழியச் சிவப்பு உறையில் பணம் கொடுத்தார்களா? அதிலிருந்ததை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அன்றைக்கே செலவழித்தாயா? இதையெல்லாம் கேட்க உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

இப்போது ரேடியோ நாடகத்தில் மாற்றாந்தாயாக வருகிறாய். மத்தியானம் பன்னிரண்டரை ஆனால் எங்கள் சந்தில் கருவாடு புரட்டுகிற கை அத்தனையும் நின்றுவிடுகிறது. நேற்று பக்கத்து வீட்டுக் குவோக் அம்மாள் வாசலில் வந்து நிற்கிறாள்.

“லாம் அக்கா, உன் மருமக அந்தக் கொழந்தைக்கு இன்னிக்கும் சோறு போடலியே. நீ வளத்த லட்சணம் இதானா?”

“கதை எழுதினவன் போடச் சொல்லல. அவ என்ன பண்ணுவா?”

“அரிசி களையுற சத்தமாவது கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

இப்போது முக்கிய விஷயம். உன் முதல் பாட்டுத் தட்டு வந்தபோது, அது நன்றாகப் போனால் என் தம்பி மகள் தாயார் பிறந்தநாளில் மூங்கில் மேடையேறி ஒரு பாட்டுப் பாடுவாள் என்று நேர்ந்துகொண்டேன். பாட்டு டீக்கடையில், படகில், பல் வைத்தியர் வீட்டில்கூடப் பாடியது. முதல் வருஷம் மலேசியாவில் கச்சேரி என்றாய். போன வருஷம் படப்பிடிப்பு என்றாய். இது மூன்றாவது வருஷம். தாயார் பொறுமைசாலிதான், ஆனாலும் தெய்வம். விழாக் கமிட்டியில் சொல்லிவிட்டேன். சிவப்புத் தாளில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டியாகிவிட்டது. மே மாதம் முதல் தேதி. வந்துவிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அத்தை


கவுலூன்,
14 மார்ச் 1986

அன்புள்ள அத்தைக்கு,

சிவப்பு உறை கொடுத்தார்கள். வாங்கிய கையோடு தெருமுனையில் முட்டை வேஃபிள் வாங்கி எல்லோரும் தின்றுவிட்டோம். பயப்படாதீர்கள்.

ரேடியோ வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். வசனத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்கக்கூடாது என்று ஒவ்வொரு பக்கமாகக் கையிலிருந்து தரையில் நழுவவிடுவோம். காலடிச் சத்தத்துக்காக ஒரு கிழவர் மணல் தட்டில் செருப்பை அழுத்தி எங்கள் எல்லோருக்கும் நடந்து கொடுப்பார். குவோக் அம்மாளிடம் சொல்லுங்கள், அரிசி களையும் சத்தத்துக்கும் அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

மே முதல் தேதி எனக்கு ஒலிப்பதிவு இருக்கிறது அத்தை. அந்தத் தாளைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆ-பிங்


தாய் ஓ,
22 மார்ச் 1986

ஆ-பிங்குக்கு,

கோயில் வாசலில் ஒட்டியதைக் கிழிப்பதா? எந்தக் கையால் கிழிப்பேன்? கமிட்டித் தலைவர் சோவ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஒங்க வீட்டுப் பாட்டுக்காரம்மா வந்துருவாங்கல்ல?” என்கிறார். “வராம எங்க போவா” என்கிறேன். நகரத்துக்குப் போனதும் தாயார் சின்னவளாகத் தெரிகிறாளா உனக்கு?

நான்கு நாள் கோபத்தில் இருந்தேன். அப்புறம் ரேடியோ கேட்டேன். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, மாற்றாந்தாய் மனசு மாறித் தூங்கவைக்கிற இடம். அங்கே ஒரு தாலாட்டு வந்திருக்க வேண்டும். எந்தக் கதை எழுதுகிறவனும் உன்னை வைத்துக்கொண்டு அங்கே பாட்டு வைக்காமல் விடமாட்டான். நீ பேசியே தூங்கவைத்தாய். நாடகத்தின் முதல் பாட்டைக்கூட வேறொரு பெண்தான் பாடுகிறாள். ஏன் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை பார்.

உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவள் நேராகக் கேட்கிறேன். என்னிடம் எதை மறைக்கிறாய்?

அத்தை


கவுலூன்,
2 ஏப்ரல் 1986

அன்புள்ள அத்தைக்கு,

போன அக்டோபரில் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. மேலே போனால் நூல் அறுந்த மாதிரி காற்று மட்டும் வருகிறது. ஆறு மாதமாக முயன்று பார்த்துவிட்டேன். பாட்டுக் கம்பெனிக்காரர்கள் நாசூக்காக விலகிக்கொண்டார்கள். பத்திரிகைக்குத் தெரியாது, டிவிக்காரர்களுக்கும் தெரியாது. ரேடியோவில் மட்டும் தெரிந்தே என்னை எடுத்தார்கள்.

உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் அந்த நேர்த்திதான். என் பாட்டை நீங்கள் தாயாருக்குக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு வருஷம் சாக்குச் சொன்னேன். அப்புறம் பாட்டே போய்விட்டது. தாயார் எடுத்துக்கொண்டாள் என்று சில நாள் தோன்றுகிறது. நீங்களும் அப்படி நினைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது.

என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள் அத்தை.

ஆ-பிங்


தாய் ஓ,
11 ஏப்ரல் 1986

என் கண்ணே ஆ-பிங்,

அக்டோபரில் ஆஸ்பத்திரியில் உனக்கு யார் கஞ்சி கொடுத்தார்கள்? முதலில் அதைச் சொல். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

தாயார் கடலில் போகிறவர்களைக் கரை சேர்க்கிறவள். ஒரு பெண்ணின் தொண்டையில் கைவைத்து வசூல் பண்ணுகிறவள் இல்லை. இதை நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் தப்பு என்னுடையது. ஆனாலும் நேர்த்தி நேர்த்திதானே. கோயிலுக்குப் போய்த் தாயாரிடம் உத்தரவு கேட்டு ஜோடிக் கட்டை போட்டேன். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, மூன்று தடவை தொடர்ந்து விழுந்தால்தானே சம்மதம்.

“பாட்டுக்குப் பதிலா முழுப் பன்னி சுட்டுப் படைக்கிறேன்” என்றேன். இரண்டு கட்டையும் மல்லாந்து சிரித்தன.

“அவ வந்து நாலு வார்த்தை நல்லாப் பேசட்டுமா?” என்றேன். மறுபடி சிரிப்பு.

கோயில் காப்பாளர் ஃபுங் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “எப்பவும் அடுத்தவங்க செய்யறதையே கேக்குறியே அக்கா. நேந்துக்கிட்டது யாரு?” என்றார்.

உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? உன் தொண்டையை வைத்து நான் புண்ணியம் தேடிக்கொண்டேன். “வேண்டிக்கிட்டது என் வாய். நானே பாடுறேன்” என்று சொல்லிக் கட்டையைப் போட்டேன். மூன்று தடவையும் சம்மதம், நடுவில் ஒரு பிசகு இல்லை.

சோவிடம், “நேர்த்தி என்னுது. அவ பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுங்க” என்றேன். ஏன் என்றார். கட்டை அப்படி விழுந்தது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். விழாவுக்கு நீ வராதே. உன்னைக் கண்டால் சனங்கள் மேடையில் ஏற்றிவிடுவார்கள்.

அத்தை


தாய் ஓ,
3 மே 1986

அன்புள்ள ஆ-பிங்குக்கு,

பாடிவிட்டேன். விழாவுக்கு வந்த நாடகக் கோஷ்டிக்காரர்கள் தங்கள் ஆட்டத்துக்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிடில்காரர் மரியாதையாக, “எந்தச் சுருதிங்கம்மா?” என்று கேட்டார். “அது தெரிஞ்சா நான் ஏன் கருவாடு காயப்போடுறேன்?” என்றேன். படகுக்காரர்கள் பாட்டுதான், பிள்ளைகளைத் தூங்கவைக்கிறது. இரண்டாவது வரியிலேயே குரல் பிளந்துவிட்டது. பின்வரிசையில் சிரித்தார்கள். நிறுத்திவிடலாமா என்று இருந்தது. தனியாக, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்த உனக்கு ஆறு மாதமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடினேன்.

இறங்கியதும் குவோக் அம்மாள் சொல்கிறாள், “லாம் அக்கா, தாயார் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாங்க. நான் பாத்தேன்.”

“பொத்தினாலும் கேட்டிருக்கும்” என்றேன்.

நேர்த்தி முடிந்தது. இனி உன் தலையில் ஒன்றுமில்லை. நீ பேசுவதைக் கேட்க இந்தச் சந்தே காத்திருக்கிறது, அதைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடவெல்லாம் மாட்டேன், பயப்படாதே.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் வா. நெஞ்சுக்கு இதமாகப் பேரிக்காய்க் கஷாயம் வைத்திருப்பேன். துறையிலிருந்து வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நட. வழியில் யாராவது, ஒரு பாட்டுப் பாடேன் என்று கேட்டால், அத்தை பாடுவாங்க என்று சொல்லிவிடு. அதற்குமேல் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

உன்
அத்தை