லொறிக்குக் கீழே

ஆவணி, ஞாயிறு இரவு.

ஏலத்தில் எடுத்து, பரந்தனில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான் திருத்திக்கொண்டிருக்கும் போரில் ஓடிய பழைய ஆமி லொறியை விற்றுவிட, அண்ணா இன்று பழைய இரும்பு வியாபாரியோடு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஸ்பனரோடு லொறிக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டேன்.

"வெளியில வா பிள்ளை. பொம்பிளை இப்பிடிக் கிடந்தா சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். இதில நான் நெல்லு ஏத்துவன்."

வியாபாரி அலுத்துப்போய்ப் புறப்பட்டார். அண்ணா மட்டும் குந்தியிருந்து என்னைக் குனிந்து பார்த்தார்.

"இதின்ர சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுது."

"எனக்கும்தான் அண்ணா. இனி நான் ஸ்டார்ட் பண்ணினாத்தான் அது சத்தம் போடும்."

அவர் தேநீரும் குடிக்காமல் போய்விட்டார். குளித்தும் முதுகில் கிறீஸ் போகவில்லை. நாளை பிரேக்கைக் கழற்றுவேன்.